சகடையில் பறந்த சித்தப்பா

பலாலி விமான நிலையத்தில் நாங்கள் ஏறவேண்டிய சென்னை விமானம் வந்து இறங்கும் இரைச்சல் கேட்டது. பக்கத்தில் நின்ற சித்தப்பா சட்டென்று குனிந்து பதுங்கினார்.

சண்டைக் காலத்தில், எனக்கு ஏழு வயதில், உடுவிலில் எங்கள் வளவில் இருந்த எல்லோரும் என் காதைத்தான் நம்பியிருந்தார்கள். சத்தத்தை வைத்தே என்ன விமானம் என்று சொல்லிவிடுவேன். குண்டு போட வரும் அவ்ரோ விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர் சகடை. "சகடை!" என்று நான் கத்தினால் எல்லோரும் பனங்குற்றி அடுக்கிய பதுங்குகுழியான பங்கருக்குள் பாய்வார்கள்.

சித்தப்பா மட்டும் முற்றத்தில் நிமிர்ந்து நிற்பார். சண்டைக்கு முன்பு அவ்ரோ பயணிகளை ஏற்றிய காலத்தில், அதில் கொழும்புக்குப் பறந்த ஒரே ஆள் எங்கள் குடும்பத்தில் அவர்தான்.

"பயப்பிடாதேங்கோ. உதிலை நான் யன்னலோரம் இருந்து போனனான். சாப்பிட டொபியும் தந்தவை."

"உவங்கள் இண்டைக்கு டொபி குடுக்க வரேல்லை, உள்ளுக்கை வாங்கோ!" என்று ஒருநாள் அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்து இழுத்தேன். சாரம் என் கையோடு வந்துவிட்டது; அதோடு நான் பங்கருக்குள் பாய்ந்தேன். அதைப் பறிக்க ஓடிவந்தவர் பங்கருக்குள் விழுந்தார். அடுத்த கணம் குண்டு வெடித்தது. வெளியே வந்து பார்த்தால், அவர் நின்ற இடத்தில் மாமரம் முறிந்து கிடந்தது.

"என்ன பிளேன், பிள்ளை?" என்றார் சித்தப்பா, இப்போது விமான நிலையத்தில் குனிந்தபடியே. இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் காதைத்தான் கேட்கிறார்!

"ஏடிஆர், சித்தப்பா. டொபி குடுக்கிற பிளேன்தான்."

அவர் நிமிர்ந்து சட்டையைச் சரிசெய்தார்.

"அப்ப யன்னலோரம் எனக்கு."