பிறந்த தேதி கேட்பவள்

பரிசோதனைக்கூடத்தில் அவளை எல்லோரும் 'ரிசல்ட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனையில் ஏதாவது எக்குத்தப்பாக வந்தால், சம்பந்தப்பட்டவருக்கு உடனே போன் போட்டுச் சொல்வது அவள் வேலை. பன்னிரண்டு வருடமாக அதே நாற்காலி. முன்பெல்லாம் இடத்தின் பேரைச் சொன்னாலே, "சொல்லுங்கம்மா, பயப்படற மாதிரி ஒண்ணுமில்லையே?" என்பார்கள். இப்போது பத்துப் பேருக்குப் போட்டால் ஆறு பேர் எடுப்பதே இல்லை. எடுக்கிற நாலு பேரில் இரண்டு பேர் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுகிறார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்லவும் வாய் வரவில்லை. ரிசல்ட்டைச் சொல்வதற்கு முன் பிறந்த தேதியும் கதவு எண்ணும் கேட்டே ஆக வேண்டும். ஒரே பேருள்ள இருவரில் ஒருவருடைய ரிசல்ட்டை இன்னொருவருக்குச் சொல்லி, அந்த மனுஷன் இரண்டு நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த பிறகு வந்த விதி அது. நல்ல விதிதான். ஆனால் போனில் ஏமாற்றிப் பிழைக்கிற அத்தனை தடியன்களும் கேட்பது அதே பிறந்த தேதியைத்தானே? போன வருடம் அவளுடைய நாத்தனாரே, வங்கியிலிருந்து பேசுகிறேன் என்ற ஒருவனிடம் பிறந்த தேதியில் ஆரம்பித்து, போனுக்கு வந்த ரகசிய எண் வரைக்கும் ஒப்பித்துவிட்டு, பிறகு ஒரு வாரம் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே இவள் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து ஓதினாள். "தெரியாத நம்பர். அவசரப்படுத்தற பேச்சு. சொந்த விவரம் கேக்கறது. மூணும் சேந்தா யாரா இருந்தாலும் கட் பண்ணுங்க."

அடுத்த வாரம் ஆபீஸ் போனிலிருந்து வீட்டுக்குப் போட்டாள். தெரியாத நம்பர் என்று கணவன் கட் பண்ணிவிட்டான். சாப்பிடும்போது அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டான். அவளுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு உள்ளேயிருந்து ஒரு தாள் வந்தது. எழுபத்து மூன்று வயதுக்காரர். பொட்டாசியம் கன்னாபின்னாவென்று ஏறிக் கிடந்தது. இதயம் எந்த நேரத்தில் தாளம் தப்பும் என்று சொல்ல முடியாது. பரிசோதனைக்கு அனுப்பிய டாக்டரின் கிளினிக்கையோ ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள். அவளிடம் இருந்தது ஒரு போன் நம்பரும் அரைகுறையாக எழுதிய முகவரியும் மட்டுமே.

முதல் முறை பெரியவர் எடுத்தார். அவள் பிறந்த தேதி என்று வாயெடுத்ததும் வைத்துவிட்டார்.

இரண்டாவது முறை எடுத்ததே திட்டுவதற்காகத்தான். "ஏம்மா, நல்லா படிச்ச பொண்ணு மாதிரி பேசற. உனக்கு வேற பொழப்பே கிடைக்கலையா?"

"ஐயா, நீங்க உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். தள்ளிப்போடக் கூடாதுங்க."

"உடனேன்னு சொன்னாலே திருட்டுன்னு என் பொண்ணு எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கா. முப்பது வருஷம் வீடு வீடா தபால் குடுத்தவன் நான். ஆள் யாருன்னு தெரியாம ஒரு கவரக்கூட நீட்டினதில்ல. எங்கிட்டயா?"

தெரியாத நம்பர், அவசரம், சொந்த விவரம். தான் வீட்டில் ஓதிய மூன்றும் தன் வாயிலிருந்தே வந்துகொண்டிருந்தன. இன்னும் கெஞ்சினால் இன்னும்தான் சந்தேகப்படுவார். சத்தியம் பண்ணினால் கேட்கவே வேண்டாம்.

"நீங்க சொல்றது சரிதாங்க," என்றாள். "என்னை நம்பாதீங்க. இந்த நம்பருக்கும் திருப்பிப் பேசாதீங்க. ரத்தம் எடுத்தப்ப ஒரு ரசீது குடுத்திருப்பாங்க பாருங்க, அதுல இருக்கற நம்பருக்கு நீங்களே..."

லைன் போய்விட்டது. எது வரைக்கும் காதில் விழுந்ததோ தெரியவில்லை. மூன்றாவது முறை போட்டபோது மணியே போகவில்லை, தடை செய்துவிட்டார்.

ரசீதில் இருப்பது வரவேற்பு மேசையின் நம்பர். அவள் எழுந்து போய் வரவேற்புப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு மணிக்கும் காதைத் தீட்டிக்கொண்டாள். ஒருவர் வெறும் வயிற்றோடு வரணுமா என்று கேட்டார். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை உண்டா என்று கேட்டார். காப்பி குடிக்கலாமா, அரை டம்ளராவது குடிக்கலாமா என்று பேரம் பேசினார் இன்னொருவர். பதினேழு நிமிடம் கழித்து அந்தத் தபால்காரக் குரல் வந்தது.

"உங்க பேரைச் சொல்லி ஒரு பொம்பளை போன் பண்றா. பிறந்த தேதி கேக்கறா. புகார் சொல்லலாம்னு கூப்பிட்டேன்."

தான் பேசினால் குரலைக் கண்டுபிடித்துவிடுவார். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, வரவேற்புப் பெண்ணைப் பேசு என்று ஜாடை காட்டி, சொல்ல வேண்டியதை ஒரு தாளில் ஒவ்வொரு வரியாக எழுதிக் காட்டினாள். 'ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க ஐயா' என்பதுதான் முதல் வரி. பெரியவர் குளிர்ந்துபோய், கேட்டதும் பிறந்த தேதியைச் சொன்னார், கதவு எண்ணைச் சொன்னார், எதிர்வீட்டு அடையாளத்தையும் சேர்த்துச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் குரல் இறங்கிவிட்டது. "காலையிலேந்து கால் துவண்டு துவண்டு போவுது. வயசுன்னு இருந்துட்டேன்," என்றார்.

நாலரை மணிக்கு அவருடைய மகள் அதே வரவேற்பு நம்பருக்குக் கூப்பிட்டாள். இந்தத் தடவை ரிசல்ட் அக்காவே எடுத்தாள்.

"அப்பாவுக்கு மருந்து ஏத்தியாச்சுங்க. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா கஷ்டம்னாங்க. உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மனசுக்கு நிறைவாக இருந்தது, பொய் சொல்வானேன்.

"அப்புறம் அக்கா, அந்தத் திருட்டுப் பொம்பளையோட நம்பர எங்க ஏரியா குரூப், ஸ்கூல் குரூப், வாக்கிங் குரூப் எல்லாத்துலயும் போட்டுட்டேன். நீங்களும் ஜாக்கிரதையா இருங்க. நம்பரக் குறிச்சுக்கறீங்களா?"

நம்பரை முழுதாகச் சொல்லி முடிக்கும் வரை அவள் குறுக்கே பேசவில்லை.

"அது எங்க நம்பர்தாம்மா. பேசினது நான்தான்."

"அக்கா, மன்னிச்சிடுங்க. இப்பவே எடுத்துடறேன். ஆனா நிறைய பேரு வேற வேற குரூப்புக்கு அனுப்பிட்டாங்களே."

"சரி விடும்மா. அப்பாவப் பாத்துக்கோ."

தன் நாற்காலிக்குத் திரும்பினாள். கூப்பிட வேண்டியவர்கள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். முதல் ஆளுக்குப் போட்டாள். இரண்டாவது மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம்மா, ரத்தப் பரிசோதனைக்கூடத்திலேந்து..."

"தெரியும், தெரியும். இப்பதான் உன்னைப் பத்திப் படிச்சேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.