எந்தக் காது

ஆளைப் பார்க்காமல் நோய்க்கு எண் போடுவது என் பிழைப்பு. வளைகுடா நாட்டில், அல் குசைஸில் ஒரு கிளினிக்கின் பின்னறையில் உட்கார்ந்திருப்பேன். டாக்டர் எழுதியதைப் படித்து, நோயாளியைப் பார்த்ததற்கு ஒரு கோட், காதில் குறும்பி எடுத்ததற்கு ஒரு கோட் என்று போட்டு இன்சூரன்சுக்கு அனுப்ப வேண்டும். குறும்பி எடுப்பது சின்ன வேலைதான். ஆனால் எந்தக் காது என்பதில் இரண்டு குறிப்புகள் முரண்பட்டால் கிளெய்ம் திரும்பி வந்துவிடும். வந்தால் திட்டு எனக்கு.

அந்த மனிதர் கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் கொடுப்பவர். ராமநாதபுரத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். நர்ஸ் குறிப்பில், இடது காது திடீரென்று அடைத்துவிட்டதாகச் சொல்கிறார் என்றிருந்தது. டாக்டர் குறிப்பில் வலது காதில் குறும்பி எடுத்தாயிற்று. டாக்டரிடம்தான் கேட்டிருக்க வேண்டும். சந்தேகம் கேட்டாலே எரிந்து விழுகிறவர் அவர். அன்று அதைத் தாங்க எனக்கு மனமில்லை. நேரே அந்த மனிதருக்கே போன் போட்டேன்.

சைட்டில் இருந்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"அண்ணே, கிளினிக்லேர்ந்து பேசுறேன். எந்தக் காதுண்ணே, லெஃப்டா ரைட்டா?"

"ரைட்டு தம்பி, ரைட்டு."

எனக்கு வேண்டியதும் அதுதான். குறிப்பு எழுதிய நர்ஸ், கன்னியாகுமரிப் பக்கத்து அக்கா, ஒத்துக்கொள்ளவில்லை.

"பீச்சாங்கைப் பக்கம்னுதான் சொன்னாரு. என் காதால கேட்டேன்."

"நானும் காதாலதான்கா கேட்டேன். அவரே சொல்லிட்டாரு."

முணுமுணுத்துக்கொண்டே இடது என்பதை வலது என்று மாற்றினார். கிளெய்ம் ஒரே தடவையில் பாஸ். விட்டது தொல்லை என்று டீ குடிக்கப் போனேன்.

மூன்று வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். இடது காது சுத்தமாகப் போயிருந்தது. அதில் குறும்பியே இல்லை, கெட்டது உள்ளே நரம்பு. முதல் வாரமே மருந்து கொடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமோ என்னவோ என்று டாக்டர் சொன்னதை அக்கா வந்து என்னிடம் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வெளியே போய் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு காதோடு கிரேனடியில் நிற்க விடமாட்டார்களாம். வேலை கலாஸ், அடுத்த வாரம் ஊருக்கு.

"அன்னைக்கு போன்ல நான் கேட்டது விளங்குச்சாண்ணே?"

வலது காதை என் பக்கம் திருப்பினார். இன்னொரு முறை கேட்டேன்.

"ஒண்ணும் விளங்கல தம்பி. சைட்டு சத்தம், காதும் அடைச்சிருந்துச்சு. கிளினிக்குன்னது மட்டும் கேட்டுச்சு. படிச்ச பிள்ளை, சரியாத்தான் கேக்கும்னு ரைட்டுன்னேன். ஏன், என்ன கேட்டீக?"

"ஒண்ணுமில்லண்ணே. போன் நம்பர் சரியான்னு கேட்டேன்."

"ரைட்டு" என்று தலையாட்டினார்.