எதுக்கு டாக்டர்

"எதுக்கு?"

பிரசவ அறைக்குப் புதிதாக வந்த நர்ஸ், கையில் சவரக்கத்தியோடு திருதிருவென்று விழித்தாள். "எல்லாருக்கும் பண்றதுதானே மேடம்? பிரசவத்துக்கு முன்னாடி..."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெள்ளைக் கோட்டின் நுனியால் துடைத்தார். "எல்லாருக்கும் பண்றதுங்கறது காரணம் இல்லம்மா, பழக்கம். மழிக்காம விட்டதால கிருமி தொத்துச்சுன்னு ஆராய்ச்சி ஏதாவது இருந்தா கொண்டா. நானே சோப்பு குழைச்சுத் தர்றேன்."

நர்ஸ் கத்தியைக் கீழே வைத்தாள். சும்மா நிற்கக் கூடாதே என்று எனிமா டப்பாவை எடுத்தாள்.

"அது எதுக்கு?"

இப்படிப் போகிற இடமெல்லாம் கேட்டுக் கேட்டு 'எதுக்கு டாக்டர்' என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. ஐம்பதைத் தாண்டிய குள்ளமான உருவம். கொண்டையில் பேனா செருகியிருக்கும். அதையே தேடி மேசை இழுப்பறையைக் குடைந்துகொண்டிருப்பார். கைப்பையில் சீப்பும் பவுடரும் இருக்க வேண்டிய இடத்தில் மருத்துவ இதழ்கள் மடங்கிக் கிடக்கும். சாப்பிடும்போது வாசிப்பார் என்பதால் எண்ணெய்க் கறை படாத பக்கம் அவற்றில் அபூர்வம். வீட்டில் கணவர் டிவி ரிமோட்டை உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டித்தான் அழுத்துவார். தட்டுவதால்தான் வேலை செய்கிறதா, தட்டாவிட்டாலும் செய்யுமா என்று தெரிந்துகொள்ள, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தட்டும்படி அந்த மனிதரைப் படாதபாடு படுத்தினார். தட்டுவதில் ஒரு பயனும் இல்லை என்று கடைசியில் தீர்ப்பானது. கணவர் இன்றும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

பாவம், அவருக்கு வேறு ஆறுதல் என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். மாடியில் மனைவி டாக்டர், கீழே கணவர் மருந்துக்கடை என்றால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் மாடியிலிருந்து இறங்கி வருகிறவர்களின் கையில் சீட்டே இருக்காது. டானிக் எதுக்கு, தினம் ஊசி எதுக்கு, தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் எதுக்கு என்று எல்லாம் மேலேயே அடிபட்டுப் போய்விடும். இரும்புச்சத்து மாத்திரை மட்டும் தப்பிப் பிழைத்துக் கீழே வரும். "எல்லாரும் மருந்துக்கடையில மருந்து விக்கிறாங்க. நான் டூத்பேஸ்ட்டும் சோப்பும் வித்துட்டு உக்காந்திருக்கேன்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் புலம்புவார்.

மருந்து எழுதாததைக்கூட ஜனங்கள் பொறுத்துக்கொண்டுவிடுவார்கள். டாக்டரம்மாவின் வாயில் சர்வசாதாரணமாக வரும் இன்னொரு வார்த்தையைத்தான் பொறுக்க மாட்டார்கள். ஒருநாள் ஒரு மாமியார், நன்றாக நடக்கக்கூடிய மருமகளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். மருமகளுக்கு மூன்றாம் மாதம்.

"படுத்தே இருக்கணும்னு எழுதிக் குடுத்துருங்க டாக்டரம்மா. அப்பத்தான் கரு நிக்கும்."

"கரு என்னம்மா, அலமாரி மேல வச்ச பாட்டிலா, ஆடினா உருண்டு விழ? நடக்கட்டும், வேலைக்குப் போகட்டும். படுத்துக் கிடந்தா நிக்கும்னு யாரும் நிரூபிக்கல."

"அப்ப நடந்தா நின்னுருமா?"

"தெரியல. இவள மாதிரி நூறு பேர் வந்தா, தொண்ணூறு பேருக்கு மேல நல்லபடியா நிக்கும். இவ எந்தப் பக்கம்னு என்னால சொல்ல முடியாது."

மாமியார் மருமகளை எழுப்பிக்கொண்டு விடுவிடுவென்று தெருவைக் கடந்து எதிர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். தெரியல என்று சொல்கிற டாக்டரிடம் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

எதிரில் இருப்பது கண்ணாடி முகப்பு வைத்த நாலு மாடிக் கட்டடம். அதன் டாக்டருக்குப் 'பத்து மணி டாக்டர்' என்று பெயர். அவரிடம் குழந்தைகள் எல்லாம் காலை பத்து மணி வாக்கில்தான் பிறக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடப் பிறக்காது. எல்லாம் சிசேரியன் கத்தியின் மகிமை. மற்றபடி தங்கமான மனுஷன். பிள்ளைத்தாய்ச்சியின் கையைப் பிடித்து, "கவலைய விடும்மா, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பார். அதைக் கேட்டதுமே பாதி பாரம் இறங்கிவிடுகிறது என்று பெண்கள் சொல்வார்கள். மருத்துவர் சங்கக் கூட்டத்தில் டாக்டரம்மா அவரை மடக்கிக்கொள்வார்.

"போன வாரம் ஒரு பொண்ண வெட்டினீங்களே, அது எதுக்கு?"

"குழந்தை நல்லா இருக்கில்ல மேடம்? அப்புறம் என்ன?"

"வெட்டாம இருந்தாலும் நல்லாத்தான் இருந்திருக்கும்!"

இதற்கு மேல் டாக்டரம்மாவிடம் ஆராய்ச்சிக் கணக்குகள் வண்டி வண்டியாக உண்டு. பத்து மணி டாக்டர் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு நைசாக நழுவிவிடுவார்.

அந்தப் பத்து மணி டாக்டரின் மகள்தான் நிறைமாதத்தில் ஒருநாள் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் பின்வாசல் வழியாக வந்தாள். கூடவே அப்பா, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. தெருவில் யாராவது பார்த்துத் தொலைத்தால் மானம் போய்விடுமே.

"ஆன்ட்டி, அப்பாகிட்ட போனா நாள் குறிச்சு வெட்டிருவாரு. எனக்கு அது வேணாம். நீங்கன்னா வெட்ட மாட்டீங்க."

டாக்டரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் குரலைக் கறாராக வைத்துக்கொண்டார். "தேவையில்லாம வெட்ட மாட்டேன். தேவைன்னா வெட்டுவேன். சம்மதமா?"

"தேவைன்னு நீங்க சொன்னா நம்புவேன் ஆன்ட்டி. அப்பா சொன்னாத்தான் நம்ப மாட்டேன்."

அப்பா சுவரில் தொங்கிய நாட்காட்டியை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வலி எடுத்த அன்று மகள் அறைக்குள் நடந்தாள், பழச்சாறு குடித்தாள், கணவன் முதுகைத் தேய்த்துவிட்டான். வெளியே தாழ்வாரத்தில் பத்து மணி டாக்டர் குட்டி போட்ட பூனையாக அலைந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் தலையை நீட்டுவார். "டிரிப் ஏதாவது ஏத்தலாமே மேடம்?" எதுக்கு? "துடிப்பு பாக்கற மெஷின் மாட்டலையா?" அது எதுக்கு? அந்த மெஷின் மூலையில் துணி போர்த்தி நின்றது. சிக்கல் இல்லாத பெண்ணுக்கு அதை மாட்டினால் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தும், நாமும் பயந்துபோய்க் கத்தியை எடுப்போம் என்பது டாக்டரம்மாவின் கட்சி. கைக்கு அடக்கமான கருவியை வயிற்றில் வைத்துக் காதால் கேட்பதோடு சரி.

மதியத்துக்கு மேல், ஒரு வலி அடங்கியதும் அந்தக் கருவியை வழக்கத்தைவிட அதிக நேரம் அங்கேயே வைத்திருந்தார். குழந்தையின் துடிப்பு சரிந்திருந்தது. ஏற நேரம் எடுத்தது. மகளை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தார். அடுத்த வலியிலும் அதே கதை. டாக்டரம்மா தன் கையாலேயே மெஷினின் துணியை உருவினார். நீளத் தாளில் கோடு ஊர்ந்து வந்தது. பதறி ஓடும்படியான கோடும் அல்ல, நிம்மதியாக விட்டுவிடும்படியான கோடும் அல்ல. கருப்பை வாய் பாதிகூடத் திறக்கவில்லை.

"என்ன ஆன்ட்டி?"

"கோடு கொஞ்சம் சந்தேகமா இருக்கும்மா. உன்ன மாதிரி நூறு பேருக்கு இப்படி வந்தா, பெரும்பாலும் குழந்தை நல்லாத்தான்..."

"நான் நூறு பேர் இல்ல ஆன்ட்டி. நான் ஒருத்திதான். எனக்கு என்ன பண்ணப் போறீங்க?"

இத்தனை வருஷம் படித்த தாள்களில் இந்தக் கேள்விக்கு ஒரு வரி அகப்படவில்லை. டாக்டரம்மாவுக்குப் பயமாக இருந்தது. பொறுத்திருந்தால் குழந்தை கை நழுவிப் போகலாம். வெட்டினால், வெட்ட மாட்டார் என்று நம்பி வந்தவளின் வயிற்றில் ஒருவேளை வீணாக ஒரு தழும்பு. இன்னும் இரண்டு வலிகள் பார்த்தார். கோடு அப்படியேதான் இருந்தது.

"எடுத்துரலாம்மா."

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். சொன்ன சொல் தவறாத பெண்.

அவளுடைய அப்பாதான் தாழ்வாரத்தில் வழிமறித்தார். தாளைப் பிடுங்கிப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாமே மேடம்? ஒண்ணும் அவ்வளவு மோசமா இல்லையே. கத்தி படக் கூடாதுன்னுதானே உங்ககிட்ட கொண்டாந்தேன்!"

வேறொரு நாளாக இருந்தால் இந்த ஒரு பேச்சுக்காகவே சங்கக் கூட்டத்தில் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். இப்போது, "உக்காருங்க டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பெண் குழந்தை. வெளியே எடுத்ததும் ஆஸ்பத்திரியே அதிரும்படி வீறிட்டது. கழுத்தில் கொடி சுற்றியிருக்கவில்லை, பனிக்குட நீர் தெளிவாக இருந்தது. குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததுதான் தையல் போட்டு முடிக்கும்வரை டாக்டரம்மாவை உறுத்திக்கொண்டிருந்தது.

பத்து மணி டாக்டர் ஓடிவந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "சரியான நேரத்துல எடுத்தீங்க மேடம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா என்ன ஆகியிருக்குமோ!" பொறுக்கச் சொன்னவர் தான்தான் என்பது சுத்தமாக மறந்துபோயிருந்தது. கடையைப் போட்டது போட்டபடி மேலே வந்த கணவரும் குழந்தையைப் பார்த்துவிட்டு, மனைவியை எண்ணிப் பூரித்து நின்றார். எல்லார் முகத்திலும் சந்தோஷம் வழிந்தது.

மகள் மட்டும் படுத்தபடியே கேட்டாள். "தேவைதானே ஆன்ட்டி?"

டாக்டரம்மா போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டார். "பாத்துச் சொல்றேம்மா."

தமாஷ் என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள்.

மாலை ஷிஃப்டுக்கு மூத்த சிஸ்டர் அப்போதுதான் வந்தார். பிரசவ அறையிலேயே தலை நரைத்தவர். பகலில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அவரை டாக்டரம்மா தன் அறைக்குள் அழைத்தார். குழந்தையின் அழுகுரல் கேட்காதபடி கதவைச் சாத்தினார். மெஷின் தாளை எடுத்து, பெயர் இருந்த ஓரத்தைப் பின்னால் மடித்து அவரிடம் நீட்டினார்.

"யாருதுன்னு கேக்காதீங்க சிஸ்டர். என்ன ஆச்சுன்னும் கேக்காதீங்க. வாய் பாதிகூடத் திறக்கல, சாய்ச்சுப் படுக்க வச்சும் இதே மாதிரிதான் வருது. நீங்களா இருந்தா வெட்டச் சொல்வீங்களா, பொறுக்கச் சொல்வீங்களா?"

சிஸ்டர் தோள்பையைக்கூட இறக்கி வைக்காமல் தாளை விளக்கடியில் பிடித்து, கோட்டின் மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். தான் வெட்டியது முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று டாக்டரம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.