புருவத்தை நம்பாத ஜெனலின்

எங்கள் தீவில் சாயங்காலச் சூரியன் கோணாமல் மாணாமல் மலைக்குப் பின்னால் நேராகப் போய் இறங்குகிறதென்றால், அதற்குக் காரணம் ஜெனலின் துமூலாக். அவள் இரண்டு ஆரஞ்சு மட்டைகளைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால் கடல் அலை கரைக்கு ஒரு முழம் முன்பாகவே நின்று, அடுத்து என்ன செய்யட்டும் என்று கேட்கும். புயல்கூட அவளைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தீவுக்குத் திரும்பிவிடும்.

அப்பேர்ப்பட்டவளுக்கு விமான நிலையத்தில் கொடுத்திருந்த வேலை, ஓர் இறக்கையின் நுனிக்குக் காவல் நிற்பது. தரையிறங்கிய விமானம் நிறுத்துமிடத்துக்குத் திரும்பும்போது, எதிரே நின்று மட்டை அசைத்து விமானியை உள்ளே அழைப்பவர் தேபான் அண்ணன். விமானிக்குத் தன் இறக்கை நுனி சரியாகத் தெரியாது. அதனால் வலது நுனிக்கு ஜெனலின், இடது நுனிக்கு ஜூண்டி. வழி காலியாக இருந்தால் மட்டையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். உயராத மட்டைக்கு, வராதே என்று பொருள்.

சட்டம் சுலபம்தான். ஆனால் எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு வாயைத் திறக்கிற பழக்கமே கிடையாது. புருவத்தை ஒருமுறை தூக்கி இறக்கினால் முடிந்தது. சாப்பிட்டாயா, புருவம். பஸ் போய்விட்டதா, புருவம். கல்யாணத்துக்குச் சம்மதமா என்றாலும் புருவம்தான். பாதிரியார் ஒருவர் மட்டும் வாயால் சொல்லச் சொல்லிப் பிடிவாதம் பிடிப்பார். அந்த வெயிலில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது ஜூண்டிக்கு வெட்டி வேலையாகத் தெரிந்தது. தேபான் அண்ணன் அவனை ஒரு பார்வை பார்ப்பார், அவன் புருவத்தைத் தூக்குவான், எழுபது டன் விமானம் உள்ளே வரும்.

ஜெனலினுக்கு இது ஆகவே ஆகாது. அந்தப் பக்கத்து மட்டை உயரவில்லை என்றால் தன் மட்டைகளைக் குறுக்கே வைத்துவிடுவாள். யார் வைத்தாலும் விமானத்தை நிறுத்தியாக வேண்டும். இப்படி இரண்டு தடவை நிறுத்தினாள். இரண்டு தடவையும் வழியில் ஒரு நாய்கூட இல்லை. அன்றிலிருந்து அவளுக்குச் சிவப்பு விளக்கு என்று பெயர்.

"ஏன்க்கா, என் புருவம் அப்படி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான் ஜூண்டி.

"அதுக்கு ஆரஞ்சு பெயின்ட் அடிச்சுட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றாள் அவள்.

சூப்பர்வைசர் அல்மிரா மேடம் சிரிக்கவில்லை. இன்னொரு முறை காரணமில்லாமல் நிறுத்தினால் சாமான் கிடங்குக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டார். கிடங்குக்குப் போனால், தேபான் அண்ணனைப் போல முன்னால் நின்று விமானத்தை அழைப்பதற்கான தேர்வை அவள் மறந்துவிட வேண்டியதுதான். அதற்காக அவள் கண்ணாடி முன் ரப்பர் செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு எத்தனையோ நாள் பழகியிருந்தாள். தம்பியின் மோட்டார் சைக்கிளையும் செருப்பசைத்துத்தான் வாசலில் நிறுத்த விடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மதிய விமானம் நிறுத்துமிடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இடது பக்கம் காத்திருந்த ஏணி வண்டி சிவப்புக் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். அதன் டிரைவரோ வண்டியின் பின்பக்கத்தைக் கோட்டுக்கு உள்ளே நீட்டிவிட்டு, போனில் சேவல் சண்டை பார்த்துக்கொண்டிருந்தான். ஜூண்டி கவனித்துவிட்டான். என்ஜின் இரைச்சலில் கத்திப் பயனில்லை. பழக்கதோஷம், டிரைவரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கித் தூக்கி, வண்டியை எடு என்று உதட்டைக் குவித்துக் காட்டினான். அதே நேரம் தேபான் அண்ணன் அவனைப் பார்த்தார். புருவம் ஏறி இறங்கியது. வழி காலி என்று நினைத்து, விமானத்தை மேலும் உள்ளே அழைத்தார்.

ஜெனலினுக்கு ஏணியும் தெரியவில்லை, புருவமும் தெரியவில்லை. நடுவில் விமானத்தின் வயிறு. அதற்குக் கீழே ஜூண்டியின் கால்கள் மட்டும் தெரிந்தன. முழங்காலுக்குப் பக்கத்தில் மட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பக்கம் வழி சுத்தம். பேசாமல் நின்றிருந்தால் அவள் இடம் அவளுக்கே. அவள் மட்டைகளைக் குறுக்கே வைத்தாள். முழங்கால்கள் நடுங்கின. மட்டைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. கை மட்டும் இறங்கவில்லை.

தேபான் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு தானும் குறுக்கே வைத்தார். விமானம் மூக்கை ஒருதரம் தாழ்த்திவிட்டு நின்றது. அல்மிரா மேடம் வேகமாக வந்து, ஜெனலினின் காதுக் கவசத்தை விலக்கிக் கத்தினார்.

"இது மூணாவது தடவை."

"ஆமா மேடம். அந்தப் பக்கம் மட்டை ஏறல."

"ஏன் ஏறலன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது மேடம். முதல்ல நிக்கட்டும், அப்புறம் கேட்டுக்கலாம்."

மேடம் தேபான் அண்ணனுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். இறக்கை நுனிக்கும் ஏணிக் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு குண்டு மனிதர் புக முடியாது. ஜூண்டியின் முகம் வேகாத சோறாக வெளுத்திருந்தது. டிரைவரின் போனில் சேவல்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

ஏணி வண்டியைக் கோட்டுக்கு வெளியே எடுத்தார்கள். இரண்டு பக்கமும் மட்டை உயர்ந்தது. விமானம் உள்ளே வந்தது. பயணிகள் தாமதத்தைத் திட்டிக்கொண்டே இறங்கிப் போனார்கள். கடைசி ஆள் போனதும் தேபான் அண்ணன் ஜெனலினிடம் வந்தார்.

"எனக்குத்தான் சரின்னு சொல்றான்னு நெனச்சேன்மா" என்றார்.

மறுநாள் மேடம் எல்லோரையும் கூட்டிவைத்து, இனி நிறுத்துமிடத்தில் புருவம் செல்லாது, நிறுத்தியவரிடம் காரணம் கேட்பதும் கிடையாது என்று அறிவித்தார். ஜூண்டி கான்டீனில் சூப் கேட்பதற்குக்கூட மட்டையை உயர்த்தினான். அடுத்து வந்த தேர்வில் ஜெனலின் தேறினாள். அவள் அழைத்த முதல் விமானம் பூனைக்குட்டி போல மஞ்சள் கோட்டின் மேலேயே நடந்து வந்து, முன்சக்கரத்தைச் சரியாகக் குறியில் வைத்தது. விமானி கட்டைவிரலை உயர்த்தினார். தேபான் அண்ணன் முழுப் பன்றி ஒன்றைச் சுடவைத்து, மொறுமொறு தோலை முதலில் அவள் தட்டில்தான் வைத்தார்.

இவ்வளவையும் எழுதி அவளிடமே படித்துக் காட்டியபோது சூரியன், அலை, புயல் எல்லாவற்றுக்கும் கூச்சமில்லாமல் தலையாட்டினாள். ஓரிடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னாள்.

"எனக்கு முழங்கால் நடுங்கினத நான் யார்கிட்டயும் சொல்லல. தேபான் அண்ணனே கவனிக்கல. என் பக்கத்து வேலிக்கு வெளியே நின்னவனுக்குத்தான் அது தெரிஞ்சிருக்கும்" என்றாள். பிறகு சாவகாசமாகக் கேட்டாள்: "செவ்வாய்க்கிழமை மத்தியானம் உனக்குக் கணக்குப் பாடம்தானேடா தம்பி?"