நத்தைக்கு வந்த அபராதம்

என் தங்கையை வீட்டில் நத்தை என்றுதான் கூப்பிடுவோம். பல் தேய்க்க அரை மணி நேரம், தலை சீவ இன்னொரு அரை மணி நேரம். ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்றாள். இரண்டு முறையும் காரணம் ஒன்றுதான்: பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோகும் அளவுக்கு மெதுவாக ஓட்டினாள். மூன்றாம் முறை அந்த அதிகாரி இவள் தொல்லை விட்டால் போதும் என்றுதான் கையெழுத்துப் போட்டிருப்பார் என்பது என் கட்சி.

அப்படிப்பட்டவள் பேருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதம் வந்தது. அறுபதைத் தாண்டக் கூடாத சாலையில், பகல் பதினொன்று நாற்பதுக்கு, நூற்றிரண்டில் போனதாகக் கேமரா பிடித்திருந்தது. வண்டியின் பின்பக்கப் படமும் கூடவே இருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா தையல் கடையில் துணி வெட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அவரே, "கேமராவுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கேட்டார். நத்தை மட்டும் சிரிக்கவில்லை.

கடிதத்தைத் திருப்பிப் படித்ததும் என் சிரிப்பும் நின்றுவிட்டது. லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகாதவர்கள் இவ்வளவு வேகத்தில் பிடிபட்டால் ஒரு வருடத்துக்கு லைசென்ஸ் போய்விடும். பிறகு தேர்வு முதலிலிருந்து. கூட வந்த படிவத்தில், தப்பை ஒப்புக்கொண்டால் ஒரு கட்டத்தில் குறி போட வேண்டும், மறுத்தால் இன்னொரு கட்டத்தில். மறுத்தால் விசாரணை நடக்கும். பதில் தர பதினான்கு நாள். லைசென்ஸ் போனால் அவள் வேலையும் போகும், ஏனென்றால் அவள் வேலையே வண்டி ஓட்டுவதுதான்.

ஒரு பேக்கரியின் கேக் வண்டி அது. அடுக்குக் கேக்கைக் குலுங்காமல் கொண்டுபோய் இறக்க முதலாளியம்மாவுக்கு ஒரு நத்தைதான் தேவைப்பட்டது. வேலைக்கு எடுத்த அன்று, ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து நாலு தெரு சுற்றி வரச் சொன்னார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அந்தத் தம்ளர் அப்புறம் தண்ணீரோடு வண்டியிலேயே தங்கிவிட்டது. வண்டியின் பின்கண்ணாடியில் ஒரு பலகையும் தொங்கும். அதில் ஒரு பக்கம் 'உள்ளே கேக், பொறுத்துக்கொள்ளவும்' என்றிருக்கும். மறுபக்கம் வெறும் கடைப் பெயர். கேக்கை இறக்கியதும் பலகையைத் திருப்பிப் போட வேண்டும். கேமரா படத்தில் 'உள்ளே கேக்' பளிச்சென்று தெரிந்தது.

மறுநாளே முதலாளியம்மா டெலிவரி சீட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார். கேக்கை வாங்கிக்கொண்டவர் கையெழுத்துப் போட்ட சீட்டு அது. நேரம் பன்னிரண்டு ஐந்து என்று எழுதியிருந்தது.

"பதினொன்னு நாப்பதுக்கு மூணடுக்குக் கேக்கு வண்டிக்குள்ள இருக்கு. பன்னெண்டு அஞ்சுக்கு ஒரு பூ கூட நசுங்காம எறங்கியிருக்கு. நூத்திரெண்டுல போயிருந்தா கூழாக் கரைச்சுல்ல குடுத்திருக்கணும்? நானே வந்து சொல்றேன்," என்றார்.

"நானும் வந்து சத்தியம் பண்றேன்," என்றார் அப்பா.

நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் கடிதம் எழுதியே பிழைக்கிறவள், விடுவேனா? மறுப்புக் கடிதம் இரண்டு பக்கம் வந்தது. கேக்கின் எடை, பலகை, சீட்டு, தம்ளர், தோற்ற தேர்வுகள் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினேன். கடைசி வரியாக, 'சாலையில் போகும் எறும்பைக் கூடப் பார்த்து ஓட்டுகிறவள் நான்' என்று அவள் சொல்வதாக எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தேன். எனக்கே வக்கீல் களை வந்துவிட்டது. கையெழுத்துப் போடச் சொல்லி அவளிடம் நீட்டினேன். அவள் கடைசி வரி வரை படித்தாள்.

"அப்புறம் போடுறேன்க்கா," என்றாள்.

அந்த அப்புறம் வரவே இல்லை. கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். உட்காருவாள், எழுந்திருப்பாள், ஜன்னல் வரைக்கும் போவாள், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வருவாள். உறையிலிருந்து படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைப்பாள். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்தால் போதும், வெடுக்கென்று தலையைத் தூக்குவாள். ஏழாம் நாள் போயிற்று, பத்தாம் நாளும் போயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கையெழுத்துதானே கேட்டேன், கிட்னியவா கேட்டேன்?" என்று கத்தினேன். அவள் மறுபடி தட்டைக் கழுவப் போனாள்.

பன்னிரண்டாம் நாள், விசாரணைக்கு லீவு சொல்லிவிட்டதாகச் சொல்லிக்கொண்டே அப்பா தன்னுடைய ஒரே நல்ல சட்டையைத் தேய்த்தார். நத்தை அதைப் பார்த்தாள். விறுவிறுவென்று துணி துவைக்கும் இடத்துக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அக்கா, அந்த நேரத்துல வண்டியில கேக் இல்ல."

"சீட்டுல பன்னெண்டு அஞ்சுன்னு இருக்கே?"

"அது காலைலயே நான் எழுதினது. எறக்கும்போது ரெண்டு கையும் கேக்குல இருக்கும். அதனால போய்ச் சேரும்னு தோணுற நேரத்த குத்துமதிப்பா கடையிலயே எழுதிட்டுத்தான் கெளம்புவோம். எங்க டிரைவருங்க எல்லாரும் அப்படித்தான். முதலாளியம்மாவுக்குத் தெரியாது. வாங்குறவங்க கேக்கத்தான் பாப்பாங்க, சீட்ட யாரு பாக்குறா? அன்னைக்கு டிராஃபிக் இல்ல, பதினொன்னு பத்துக்கே எறக்கிட்டேன்."

"பலகை?"

"திருப்ப மறந்துட்டேன்."

"அப்ப நூத்திரெண்டு?"

"நெசந்தான். தம்ளர்ல இருந்த தண்ணிய வெளிய ஊத்தினேன். ரோடு நேராக் கெடந்துச்சு. ஒரே ஒரு தடவ மிதிச்சுப் பாப்போம்னு தோணுச்சு." குரலைத் தாழ்த்தி, "நல்லா இருந்துச்சுக்கா," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட அதிகமாகப் பயம் வந்தது. அவளுக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது, அதற்கு அவள் எத்தனை நாள் அலைந்தாள் என்பது எனக்குத் தெரியும். அன்று நான் சொன்னதை இங்கே மறைக்கப் போவதில்லை.

"இத யார்கிட்டயும் மூச்சு விடாத. எல்லாச் சாட்சியும் உன் பக்கம்தான் இருக்கு. யாருக்கும் ஒண்ணும் ஆகலயே?"

"அப்பா சத்தியம் பண்ணுவாரே," என்று மட்டும் சொன்னாள். அன்றும் மறுநாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

பதினான்காம் நாள் இருவரும் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனோம். அவள் மனசு எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாததால் மறுப்புக் கடிதத்தை என் பையில் வைத்திருந்தேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"உள்ள கேக்குன்னு போட்டிருக்கு. கேக்க வெச்சுக்கிட்டு யாரும்மா இந்த வேகத்துல போவா? மறுத்து எழுதிக் குடும்மா, தள்ளுபடி ஆனாலும் ஆகும்," என்றார்.

நான் பையைத் திறந்தேன். நத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"காலி வண்டி சார். பலகையத் திருப்ப மறந்துட்டேன்," என்றாள்.

முதல் கட்டத்தில் குறி போட்டு, கையெழுத்தும் போட்டு, லைசென்ஸைத் தடுப்புக்கு அடியில் தள்ளினாள். அவள் பிறந்ததிலிருந்து ஒரு காரியத்தை இவ்வளவு சீக்கிரம் முடித்து நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பஸ் ஊர்ந்தது. அவள் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தபடியே இருந்தது. நாளைக்கு முதலாளியம்மாவிடம் சாவியைக் கொடுத்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றாள். எனக்கு மனசு ஆறவே இல்லை.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாத விஷயத்துக்கு ஒரு வருஷத்தத் தூக்கிக் குடுத்துட்டு வர்றியே," என்றேன்.

"ஒருத்தர் சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போனாருக்கா, ரோட்டோரமா. கேரியர்ல ஒரு மூட்டை இருந்துச்சு."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஆனா அவரத் தாண்டிப் போனப்புறம் கண்ணாடியிலதான் பாத்தேன். அதுவரைக்கும் அவரு அங்க இருந்ததே எனக்குத் தெரியல."

பை என் மடியில் இருந்தது. உள்ளே என் கையெழுத்தில் அந்த எறும்பு வரி, அடியில் கோட்டோடு இருந்தது. அதற்குக் கீழேதான் அவளைக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பன்னிரண்டு நாளாக நச்சரித்திருக்கிறேன்.