கதவிடுக்கில் வைத்த கல்

இரண்டாம் உலக யுத்தம் நடந்த வருஷங்களில் தூத்துக்குடியில் பெட்ரோல் ரேஷனாகிவிட்டது. கார் வைத்திருந்தவர்கள் பின்பக்கம் பெரிய டிரம் ஒன்றை மாட்டி, அதில் உடைமரக் கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். எங்கள் காரும் அப்படித்தான் ஓடியது. கரியை மூட்டி, நெருப்பை ஊதும் காற்றாடியைக் கையால் சுற்றி, வண்டி உறும ஆரம்பிக்க அரை மணி நேரமாகும். என் வீட்டுக்காரரின் கருப்பட்டி மண்டிக்கோ சைக்கிளில் பத்து நிமிஷம்கூட ஆகாது.

சைக்கிள் இல்லாமலும் இல்லை. கார் நிற்கும் கொட்டகையிலேயே, சுவரில் இரண்டு ஆணியில் தொங்கியது. கல்யாணத்துக்கு முன்னால் அதன் கேரியரில் கருப்பட்டிச் சிப்பம் கட்டித் தெருத்தெருவாக விற்றவர்தான் அவர்.

"அதுல போங்களேன், கால் தேஞ்சா போயிரும்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஏளா, நான் சைக்கிள்ல ஏறினா, மண்டி நொடிச்சுப்போச்சுன்னு மறுநாளே கடற்கரை பூராவும் பேசுவானுவ" என்றார்.

அதோடு நின்றாரா? கரி மூட்டுவதை யாரும் பார்க்கக் கூடாது, கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் மூட்ட வேண்டும் என்று டிரைவர் அண்ணாச்சிக்கு உத்தரவு வேறு. காரின் முதுகில் டிரம் பூதம்போல் உட்கார்ந்திருப்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் ஒருவர் வாசலில் குந்திக் கரி மூட்டினால் கௌரவம் போய்விடுமாம்!

அவரை மட்டும் சொல்லி என்ன? வெள்ளிக்கிழமை சிவன் கோவிலுக்கு நானும் காரில்தான் போனேன். மூன்றே தெரு. பட்டுப்புடவையோடு நான் இறங்கும்போது பூ விற்கிற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. அதற்காக ஒரு மணி நேரம்கூடக் காத்திருந்திருப்பேன்.

முதலில் கொட்டகை உத்தரத்தில் கூடு கட்டியிருந்த குருவிகள் செத்து விழுந்தன. வெயில் என்றோம். பிறகு, உள்ளே குட்டி போட்டிருந்த பூனை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறிடம் போய்விட்டது. அதற்குப் பிறகு அண்ணாச்சிக்குத் தலைவலி வந்தது. கரி மூட்டிவிட்டு வெளியே வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"இத மூட்டுத நேரத்துல கோயிலுக்கு நாலு தரம் நடந்து போயிட்டு வந்துரலாம், தாயி. உள்ள இருந்தா நெஞ்ச என்னமோ அமுக்குது" என்றார்.

அதன்பின் கதவு முழுதும் மூடாதபடி இடுக்கில் ஒரு கல்லை வைத்துக்கொண்டார். ஒரு சாண் இடைவெளி இருக்கும். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கச்சான் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. நான் புதுப்புடவை கட்டி முற்றத்தில் நின்றேன். கதவிடுக்கு வழியாக வந்த புகை நேரே என் மேல் அடித்தது. எரிச்சலில் கல்லைக் காலால் தள்ளிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினேன். உள்ளே காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தலையில் பூ வைத்துக்கொள்ள வீட்டுக்குள் போனேன்.

திரும்பி வந்தபோது சத்தம் இல்லை. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. கதவைத் திறந்தேன். டிரம்முக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தார். முகம் நல்ல சிவப்பாக இருந்தது. இத்தனை நாளில் அவரை அவ்வளவு தெம்பாக நான் பார்த்ததே இல்லை.

நான் போட்ட கூச்சலில் என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். அண்ணாச்சியை முற்றத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டு, டாக்டரைக் கூப்பிட அந்தச் சைக்கிளை இறக்கினார். இரண்டு டயரிலும் காற்று இல்லை. அதைக் கீழே போட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் ஓடினார். யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். கரிப்புகையின் விஷம் ஏறினால் முகம் அப்படித்தான் சிவக்கும் என்றார்.

கல்லைத் தள்ளியது நான் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரைக்கும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் கழிந்ததும் அண்ணாச்சியின் மனைவியைப் பார்த்துவரப் புறப்பட்டோம். உப்பளத்துப் பக்கம் வீடு, அரை மைல் இருக்கும். புது டிரைவர் கரி மூட்டினார். கொட்டகைக் கதவு இரண்டும் விரியத் திறந்திருந்தன. அது ஒன்றுதான் மாறியிருந்தது. நடந்து போகலாம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

வண்டிச் சத்தம் கேட்டதும் அந்த அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். டிரைவர் இருக்கையைத்தான் முதலில் பார்த்தார்.