பாசி வளர்க்கும் அண்ணி

என் அண்ணிக்கு மீன் குஞ்சுப் பண்ணையில் வேலை. மீன் வளர்க்கிறாள் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள். "நான் வளர்க்கிறது பாசி. அதைத் தின்னு தண்ணிப் பூச்சி வளருது, பூச்சியைத் தின்னு மீன் வளருது. வெயில் அடிச்சா எல்லாருக்கும் சாப்பாடு" என்பாள். பண்ணையின் மொட்டை மாடி முழுக்க அவளுடைய தொட்டிகள். எல்லாவற்றிலும் பாசி மண்டிய தண்ணீர்.

தக்கனூண்டு குஞ்சுகளுக்கு இத்தனை தொட்டியா என்று ஒருமுறை கேட்டேன்.

"தின்னது உடம்புல தங்கினாத்தானே? பூச்சி முக்காவாசிக்கு மேல துள்ளியே தீர்த்துடும். மீன் நீந்தியே தீர்த்துடும். ஒரு தொட்டி பாசிக்கு ஒரு கை பூச்சி, ஒரு கை பூச்சிக்கு ஒரு சிட்டிகை மீன். அவ்வளவுதான் மிஞ்சும்."

என் அண்ணனைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மூன்று ஆள் சாப்பாட்டை உள்ளே தள்ளிவிட்டு ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறான். ஓரிடத்தில் உட்கார்ந்தால்தானே? நீச்சல் குளம் சுத்தம் செய்வது அவன் தொழில். பாசியைக் கண்டால் அவனுக்குக் கை பரபரக்கும்.

போன முறை பொரித்த குஞ்சுகள் பிழைக்கவில்லை. இந்த முறை பொரித்தவையும் போனால் பண்ணையை மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து அண்ணி காய்ச்சலில் விழுந்தாள். கீழே இருக்கும் பூச்சித் தொட்டியில் கொஞ்சம் பாசித் தண்ணீர் ஊற்றிவிட்டு வரும்படி அண்ணனை அனுப்பினாள்.

மாலையில் பெருமை தாங்காமல் திரும்பி வந்தான். "ஊத்திட்டேன். அப்படியே மாடித் தொட்டி எல்லாத்தையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சுட்டேன். முகம் பார்க்கலாம்."

அண்ணியின் காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. சிரிக்கக் கூடாத நேரம்தான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அண்ணியின் கண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

"குஞ்சுங்க வயித்துல ஒட்டியிருந்த மஞ்சக்கரு தீர்ந்துபோச்சுங்க. இனிமே வாயாலதான் சாப்பிடணும். பாசி இல்லன்னா பூச்சி வெறும் கூடு. அதைத் தின்னு என்ன பிரயோஜனம்?"

அண்ணன் தலையைச் சொறிந்தான். அப்புறம் துள்ளி எழுந்தான். "மருந்தே போடாத நீச்சல் குளம் ஒண்ணு தெரியும். வண்டியில ஏறுங்க."

பல் டாக்டர் வீட்டுக் குளம் அது. உள்ளே தவளைகள் குடும்பம் நடத்தின. அண்ணனைக் கண்டதும் டாக்டர் முகம் மலர்ந்தது.

"சுத்தம் பண்ண வந்தியாப்பா?"

"இல்ல டாக்டர். கொஞ்சம் அழுக்கு வேணும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். அண்ணி தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தாள். "ஆகா, நல்ல கொழுத்த பாசி" என்றாள், ஏதோ நகைக்கடையில் நிற்கிற மாதிரி. பீப்பாய்களை நிரப்பிக்கொண்டு பாட்டுப் பாடியபடி வந்தோம். வண்டி குலுங்கிய குலுக்கலில் நான் தலை முதல் கால் வரை நனைந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் நாறியதே இல்லை.

பாசித் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பூச்சித் தொட்டியில் ஊற்றினோம். மிச்சத்தை, பிளீச்சிங் வாடை போகக் கழுவிய மாடித் தொட்டிகளில் விட்டோம். மறுநாள் வெயில் சுளீரென்று அடித்தது. பூச்சிகளை அள்ளிக் குஞ்சுகளுக்குப் போட்டாள் அண்ணி. கண்ணாடி மாதிரி உடம்பு அந்தக் குஞ்சுகளுக்கு; தின்றது வெளியே தெரியும். ஒவ்வொரு வயிற்றிலும் பச்சையாக ஒரு புள்ளி. அண்ணன் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு பார்த்தான். கூப்பிடக் கூப்பிட எழுந்திருக்கவில்லை. வாழ்நாளில் அவன் ஓரிடத்தில் உட்கார்ந்தது அன்றுதான்.

குஞ்சுகள் விரல் நீளம் வளர்ந்த சமயம், அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பல் டாக்டர் போன் செய்தார். வீட்டில் விசேஷமாம், குளத்தைப் பளிச்சென்று ஆக்கித் தர வேண்டுமாம். நல்ல கூலி என்றார்.

"வேணாம் டாக்டர்" என்றான் அண்ணன். "அதுல கை வெச்சுடாதீங்க. எங்க பிள்ளைங்க சாப்பாடு அது."

அதுவரை அண்ணியிடம் 'உன் மீனு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணி அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.